எட்டு வெற்றிகளின் கணக்கு: சுமோ பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சுமோவை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. இரண்டு மல்லர்கள் நான்கு நிமிடம் காலை உதறி, உப்பை வீசி, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு நடக்கும் மோதல் ஐந்து வினாடியில் முடிந்துவிடுகிறது. தனியாக வெட்டி எடுத்த ஒரு காணொளித் துணுக்கில் அந்த ஐந்து வினாடிகளைப் பார்ப்பவருக்கு, தோற்றவர் ஏன் அப்படித் தலைகுனிந்து போகிறார் என்பது விளங்காது. அன்றைய தோல்வி அவருக்கு எட்டாவது தோல்வி என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது விளங்கும். ஆகவே இந்த வழிகாட்டி பிடிகளின் பெயர்களிலிருந்து தொடங்காமல், பதினைந்து நாள் கணக்கிலிருந்தும் தரவரிசைப் பட்டியலிலிருந்தும் தொடங்குகிறது.

முதலில் நாட்காட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொழில்முறைச் சுமோவில் தரவரிசையைத் தீர்மானிக்கும் போட்டித்தொடர்கள் ஆண்டுக்கு ஆறு. 'ஹோன்பாஷோ' என்றும் சுருக்கமாக 'பாஷோ' என்றும் இவற்றை அழைக்கிறார்கள். இந்த ஆறு என்ற எண்ணிக்கை 1958 முதல் நிலைத்திருக்கிறது. ஜனவரி, மே, செப்டம்பர் தொடர்கள் தோக்கியோவின் ரியோகோகு பகுதியிலுள்ள கொகுகிகான் அரங்கில் நடைபெறுகின்றன. மார்ச் தொடர் ஒசாகாவிலும், ஜூலைத் தொடர் நகோயாவிலும், நவம்பர் தொடர் கியூஷூ தீவின் ஃபுகுவோகாவிலும் நடைபெறுகின்றன. ஒவ்வொரு தொடரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, பதினைந்தாம் நாளான இன்னொரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். தொடக்க நாள் பெரும்பாலும் அந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறாகவோ அதற்கு அருகில் வரும் ஞாயிறாகவோ இருக்கும்.

நேர வேறுபாடு நமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. கடைநிலைப் பிரிவுகளின் மோதல்கள் ஜப்பானில் காலை எட்டரை மணியளவில் தொடங்கினாலும், முதல் பிரிவான 'மகூச்சி'யின் மோதல்கள் மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி ஆறு மணிக்கு முடிகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் அது நண்பகல் பன்னிரண்டே முக்காலிலிருந்து பிற்பகல் இரண்டரை வரையிலான நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். கடைசி நாளில் மட்டும் பரிசளிப்புக்காக மோதல்கள் சற்று முன்னதாகவே தொடங்கும்.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே, தன் பன்னாட்டுச் சேவையான 'என்எச்கே வேர்ல்ட் ஜப்பான்' வழியாக ஒவ்வொரு நாளின் மகூச்சி மோதல்களையும் அரை மணி நேரத்திற்கும் குறைவாக ஓடும் தொகுப்பாக ஆங்கில வருணனையுடன் வழங்குகிறது. தொடரின் சில நாட்களில் இறுதிக் கட்ட மோதல்களை நேரலையாகவும் காட்டுகிறது. இவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். முடிவுகளும் மறுநாள் மோதல் பட்டியலும் ஜப்பான் சுமோ சங்கத்தின் இணையதளத்தில் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. வேலை நாட்களில் நேரலை பார்க்க இயலாதவர்கள், மாலையில் தொகுப்பைப் பார்க்கும்வரை சமூக ஊடகங்களைத் திறக்காமல் இருப்பது நல்லது. இறுதி வாரத்தில் ஒரு முடிவை முன்கூட்டியே அறிந்துவிட்டால் அந்த நாளின் சுவையில் பாதி போய்விடும்.

தரவரிசைப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமையில் 'பன்சுகே' எனப்படும் தரவரிசைப் பட்டியல் வெளியாகும். நடுவர்களில் ஒருவர் சுமோவுக்கே உரிய தடித்த எழுத்து வடிவத்தில் தூரிகையால் எழுதும் தாள் இது. மேல் வரியில் பெரிய எழுத்தில் முதல்நிலை மல்லர்கள் இருப்பார்கள். வரிகள் கீழே இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரியில் உள்ள இளைஞர்களின் பெயர்களைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படும். ஒரு மல்லரின் வாழ்க்கை என்பது அந்தத் தாளில் தன் பெயரின் அளவைப் பெரிதாக்க அவர் எடுக்கும் முயற்சிதான்.

பட்டியலில் ஆறு பிரிவுகள் உள்ளன. உச்சியில் 42 பேர் கொண்ட மகூச்சி. அதற்கடுத்து 28 பேர் கொண்ட ஜூரியோ. அவற்றின் கீழே மகுஷிதா, சன்டன்மே, ஜோனிதான், ஜோனோகுச்சி ஆகிய நான்கும் வரும். தொடங்குவோர் மகூச்சியை மட்டும் கவனித்தால் போதும். அதற்குள்ளும் படிநிலைகள் உண்டு. யோகோசுனா உச்ச நிலை. அதற்கடுத்து ஓசெகி, செகிவாகே, கொமுசுபி ஆகியவை வருகின்றன. எஞ்சிய அனைவரும் 'மாஎகாஷிரா' என்ற பெயரில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ பதினேழு வரை எண்ணிடப்படுவார்கள். ஒவ்வொரு எண்ணிலும் கிழக்கில் ஒருவர், மேற்கில் ஒருவர் என இருவர் இருப்பார்கள், கிழக்கு மேற்கைவிட அரைப்படி உயர்ந்தது. எடைப் பிரிவுகள் கிடையா. எழுபது எண்பது கிலோ எடை கூடுதலாக உள்ளவரைச் சிறிய உருவத்தினர் எதிர்கொள்வதும் வெல்வதும் இங்கே இயல்பாக நடக்கும்.

இனி அந்த எட்டு. மகூச்சியிலும் ஜூரியோவிலும் உள்ளவர்கள் நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து மோதல்களில் இறங்குகிறார்கள். எட்டு வெற்றி பெற்றால் அது 'கச்சிகோஷி', அதாவது பெரும்பான்மை வெற்றி. அடுத்த பட்டியலில் ஏற்றம் கிடைக்கும். எட்டுத் தோல்வி கண்டால் 'மகேகோஷி', பொதுவாக இறக்கம்தான். வெற்றி தோல்விகளின் வித்தியாசம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு படிகள் ஏறவோ இறங்கவோ நேரும் என்பது மாஎகாஷிராக்களைப் பொறுத்தவரை கைக்கணக்காக நினைவில் வைக்கத்தக்கது. அதாவது பத்தாம் எண்ணில் இருப்பவர் பத்து வெற்றி, ஐந்து தோல்வி என்று முடித்தால் ஐந்தாம் எண்ணுக்கு அருகில் வருவார் என எதிர்பார்க்கலாம். பன்னிரண்டாம் நாளில் ஏழுக்கு ஐந்து என்று நிற்பவருக்கும், பதினான்காம் நாள் மாலை ஏழுக்கு ஏழு என்று நிற்பவருக்கும் அடுத்த மோதலின் கனம் ஒன்றல்ல. இறுதி நாளில் ஏழுக்கு ஏழு என்ற கணக்குடன் கோதாவில் ஏறும் மல்லரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கணக்கை நீங்கள் மறக்கமாட்டீர்கள்.

மேல்நிலைகளுக்குத் தனி விதிகள் உண்டு. ஓசெகியாக உயர, கொமுசுபி, செகிவாகே நிலைகளில் தொடர்ந்து மூன்று தொடர்களில் மொத்தம் 33 வெற்றிகள் என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவு. ஓசெகி ஒருமுறை மகேகோஷி கண்டால் அடுத்த தொடரில் அவர் 'கதோபான்' என்ற விளிம்பு நிலையில் நிற்பார். அதிலும் தவறினால் செகிவாகேயாக இறக்கப்படுவார். ஆயினும் அடுத்த தொடரிலேயே பத்து வெற்றி பெற்றால் இழந்த நிலையை மீட்டுக்கொள்ளலாம். யோகோசுனா நிலைக்கு ஓசெகியாக இருந்து இரண்டு தொடர்களை அடுத்தடுத்து வெல்வதோ அதற்கு இணையான ஆட்டத்தைக் காட்டுவதோ வேண்டும். அந்த நிலையிலிருந்து எவரையும் கீழே இறக்க முடியாது. அதனால், ஆற்றல் குன்றிய யோகோசுனாவுக்கு ஓய்வு பெறுவது ஒன்றே வழி.

இந்தப் பட்டியல் எவ்வளவு கடுமையானது என்பதற்கும் எவ்வளவு பெருந்தன்மையானது என்பதற்கும் டெருனோஃபுஜியின் வாழ்க்கையே சான்று. மங்கோலியாவில் பிறந்த அவர் 2015இல் ஓசெகியானார். முழங்கால் காயங்களும் நோயும் சேர்ந்து அவரை ஒவ்வொரு பட்டியலாகக் கீழே தள்ளின, 2019 மார்ச்சில் அவர் பெயர் ஐந்தாம் பிரிவான ஜோனிதானில் இருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2020 ஜூலையில் மகூச்சிக்குத் திரும்பிய அவர், மாஎகாஷிரா பதினேழாம் எண்ணிலிருந்தபடியே அந்தத் தொடரை வென்றார். மறு ஆண்டு யோகோசுனாவானார். மொத்தம் பத்துத் தொடர்களை வென்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். பன்சுகே என்ற தாளை நான் இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்பதை அவருடைய பழைய பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

ஒரு மல்லரைத் தேர்ந்துகொள்ளுங்கள்

முதல் தொடரிலேயே 42 பேரையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உச்சியில் இருப்பவர், மற்றவர் பட்டியலின் நடுவில் இருப்பவர். உச்சிக்கு 2025இல் யோகோசுனாவான இருவர் பொருத்தமானவர்கள். 74ஆம் யோகோசுனாவான மங்கோலியாவின் ஹோஷோரியூ, எறிதலிலும் கால் தட்டுவதிலும் கைதேர்ந்தவர். 68ஆம் யோகோசுனா அசாஷோரியூவின் சகோதரருடைய மகன் அவர். 75ஆம் யோகோசுனாவான ஓனோசாட்டோ, பெரிய உடலுடன் வலக்கையை உள்ளே செலுத்தி நேராக முன்னேறுபவர். அறிமுகமான ஏழாவது தொடரிலேயே, தலைமுடி முறையான கொண்டை போடும் அளவுக்கு வளர்வதற்கு முன்பே, 2024 மே தொடரை அவர் வென்றார்.

நடுப்பகுதியில் இருப்பவரைத் தேர்வதுதான் உண்மையில் முக்கியம் என்பது என் கருத்து. யோகோசுனாவுக்கு எட்டு என்ற எண்ணில் பதற்றம் இல்லை, மாஎகாஷிரா எட்டாம் எண்ணில் இருப்பவருக்கோ ஒவ்வொரு நாளும் அதே பதற்றம்தான். இளஞ்சிவப்புக் கச்சை அணிந்து, தாழ்வாகப் புகுந்து எதிராளியின் காலைப் பிடிக்கும் உராவைத் தேர்ந்தெடுத்தால் எதிர்பாராத பிடிகள் காணக் கிடைக்கும். 2004இல் அறிமுகமாகி நாற்பது வயதைக் கடந்தும் மகூச்சியில் மோதிய டமாவாஷியைத் தேர்ந்தால் உழைப்பின் அருமை புரியும். இடைவிடாத மோதல்களின் எண்ணிக்கையில் 2024 செப்டம்பரில் முதலிடம் பிடித்தவர் அவர். தேர்ந்தபின் ஒரு நோட்டில் பதினைந்து கட்டங்கள் வரைந்து, வெற்றிக்கு வெள்ளை வட்டமும் தோல்விக்குக் கருப்பு வட்டமும் இடுங்கள். ஜப்பானிலும் இப்படித்தான் குறிக்கிறார்கள். வெள்ளை நட்சத்திரம், கருப்பு நட்சத்திரம் என்பது அவர்கள் பேச்சுவழக்கு.

பெயர்கள் முதலில் குழப்பும். மல்லர்கள் சூடும் பெயர்களில் சில பகுதிகள் திரும்பத் திரும்ப வருவதை அறிந்துகொண்டால் அவை மனத்தில் நிற்கும். 'யாமா' என்றால் மலை, 'உமி' என்றால் கடல், 'ரியூ' என்றால் டிராகன். 'கொட்டோ' என்று தொடங்கும் பெயர் சாதோகதாகே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவருடையது. ஒரே கூடத்தைச் சேர்ந்தவர்களும் உடன்பிறந்தவர்களும் ஒருவரோடொருவர் மோதுவதில்லை. சமநிலை முறிப்பு மோதல் மட்டுமே இதற்கு விலக்கு. அதனால், வலிமையான பலர் உள்ள கூடத்தைச் சேர்ந்தவருக்கு எதிராளிகளின் பட்டியல் சற்று எளிதாக அமையும். இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மோதலை எப்படிப் பார்ப்பது

களிமண் மேட்டின்மீது வைக்கோல் புரிகளால் வளைத்த 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டமே 'தோஹ்யோ' என்னும் கோதா. அதற்கு மேலே கோயில் விமானம்போல் தொங்கும் கூரையை ஒரு காலத்தில் நான்கு தூண்கள் தாங்கின. பார்வையை மறைக்கின்றன என்பதால் 1952இல் அவை அகற்றப்பட்டன, அவற்றின் நினைவாக நான்கு மூலைகளிலும் பச்சை, சிவப்பு, வெள்ளை, கருப்புக் குஞ்சங்கள் தொங்குகின்றன. வட்டத்திற்கு வெளியே உடலின் எந்தப் பகுதியாவது முதலில் பட்டாலோ, வட்டத்திற்குள் பாதம் தவிர வேறு எந்தப் பகுதியாவது தரையைத் தொட்டாலோ தோல்வி. விதி இவ்வளவே. முஷ்டியால் குத்துவதும், முடியைப் பிடித்திழுப்பதும், கண்ணைக் குத்துவதும், தொண்டையை நெரிப்பதும் விலக்கப்பட்டவை.

மோதலுக்கு முந்தைய நான்கு நிமிடங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். அந்த நான்கு நிமிடம் மகூச்சிக்கு மட்டும் அளிக்கப்பட்ட உச்சவரம்பு. ஜூரியோவுக்கு மூன்று, அதற்குக் கீழே இரண்டு. வானொலி ஒலிபரப்பு வந்த 1928க்கு முன் வரம்பே இல்லை. மூலையில் ஒரு மல்லருக்கு நீர் வார்ப்பவர் யார் என்று கவனியுங்கள். முந்தைய மோதலில் அதே பக்கத்தில் வென்றவர்தான் அதைத் தருவார். தோற்றவர் கையால் நீர் வாங்குவதில்லை. உப்பு வீசும் உரிமையும் மேலிரண்டு பிரிவுகளுக்கே உரியது. நேரம் முடிந்ததும் மல்லரின் மூச்சும் நடையும் மாறும். கடைசி முறை உப்பெடுக்கப் போகும்போது ஒருவர் கச்சையைத் தட்டிக்கொள்வார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். நீங்கள் தேர்ந்த மல்லரின் வழக்கம் எது என்பது மூன்றாம் நாளுக்குள் பழகிவிடும்.

இருவரின் இரு கைகளும் தரையைத் தொட்ட பிறகே மோதல் தொடங்கும். அந்த முதற்பாய்ச்சலான 'தாச்சியாய்' பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. யார் தாழ்வாக எழுந்தார், யாருடைய கை உள்ளே போனது என்ற இரண்டை மட்டும் முதல் தொடரில் கவனியுங்கள். மல்லர்கள் பொதுவாக இரு வகையினர். ஒரு வகையினர் கச்சையைப் பற்றி நெருங்கி மோதுவார்கள். மற்ற வகையினர் கச்சையைத் தொடாமல் மார்பிலும் தொண்டையிலும் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போவார்கள். முதல் வகையினர் எதிராளியின் கச்சையை எட்டிவிட்டால், இரண்டாம் வகையினரின் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பிடிகளுக்கு அதிகாரபூர்வமாக 82 பெயர்கள் இருந்தாலும், கச்சையைப் பற்றியபடி வெளியேற்றும் 'யோரிகிரி', தள்ளி வெளியேற்றும் 'ஓஷிதாஷி', முன்னே வருபவரை அடித்துக் கீழே வீழ்த்தும் 'ஹதாகிகோமி', எதிராளியின் கைக்கு மேலாகக் கச்சையைப் பற்றி எறியும் 'உவாதேநகே' ஆகிய நான்கைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலான மோதல்களைப் பின்தொடரலாம். பாய்ந்து வருபவருக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் நகரும் 'ஹென்கா' விதிக்குட்பட்டதே. ஆனாலும் அரங்கம் அதை விரும்பாது, யோகோசுனா அதைச் செய்தால் கண்டனம் எழும்.

முடிவில் ஐயம் எழுந்தால், கோதாவைச் சுற்றிக் கருப்பு உடையில் அமர்ந்திருக்கும் ஐந்து மதிப்பீட்டாளர்கள் மேலேறிக் கலந்து பேசுவார்கள். நடுவரின் முடிவு நிலைக்கலாம், மாற்றப்படலாம், அல்லது உடனே மறுமோதல் நடக்கலாம். தலைமை நடுவரின் இடையில் ஒரு குறுவாள் செருகியிருக்கும். தவறான தீர்ப்புக்கு உயிரையே கொடுக்கத் துணிந்தவர் என்பதன் அடையாளம் அது. தீர்ப்பு மாற்றப்பட்டால் இன்றும் அவர் பதவி விலக முன்வரும் மரபு இருக்கிறது.

பதினைந்து நாட்களையும் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

முதல் ஐந்து நாட்களில் யோகோசுனாவும் ஓசெகிகளும் மேல்வரிசை மாஎகாஷிராக்களைச் சந்திப்பார்கள். யோகோசுனாவை வெல்லும் மாஎகாஷிராவுக்குக் 'கின்போஷி' என்னும் பொன் நட்சத்திரம் கிடைக்கும். அதற்கான கூடுதல் தொகை, அவர் மேலிரண்டு பிரிவுகளில் இருக்கும்வரை ஒவ்வொரு தொடரிலும் தொடர்ந்து வரும். அத்தகைய வெற்றியின்போது ரசிகர்கள் இருக்கை மெத்தைகளைக் கோதாவை நோக்கி வீசுவதைப் பார்ப்பீர்கள்; அது தடை செய்யப்பட்ட செயல் என்பதையும் அறிந்திருங்கள்.

நடு ஐந்து நாட்களில் வெற்றிக் கணக்குகள் பிரியத் தொடங்கும். காயத்தால் விலகுவோர் பெயர்களும் இப்போது வரும். விலகிய நாட்கள் தோல்வியாகவே கணக்கிடப்படுகின்றன. தொடரில் காயம்பட்டவரின் நிலையைக் காத்த விதிவிலக்கு முன்பு இருந்தது. 2004 முதல் அதுவும் இல்லை. முழங்காலில் தடித்த கட்டுடன் மல்லர்கள் கோதாவில் ஏறுவதைக் காணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது, அந்த விதிவிலக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றே கருதுகிறேன். பெண்கள் கோதாவில் ஏறக் கூடாது என்ற மரபும் ரசிகர் அறிந்திருக்க வேண்டியதே. 2018இல் ஜப்பானின் மைசுரு நகரில் கோதாவில் மயங்கி விழுந்த நகரத் தலைவருக்கு முதலுதவி செய்ய ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி அறிவித்ததும், பின்னர் சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டதும் ஜப்பானிலேயே பெரும் விவாதமாயின.

கடைசி ஐந்து நாட்களில் முன்னணியில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவார்கள். மோதல் இணைகள் தொடர் முழுவதற்கும் முன்பே குறிக்கப்படுவதில்லை. அன்றன்று கணக்கைப் பார்த்தே அமைக்கப்படுவதால், கீழ்வரிசையிலிருந்து எதிர்பாராமல் முன்னேறியவரும் திடீரென ஓசெகியின் முன் நிறுத்தப்படுவார். 2024 மார்ச்சில் இப்படித்தான் நடந்தது. மகூச்சிக்குப் புதிதாக வந்த டகெருஃபுஜி, பதினான்காம் நாள் கணுக்கால் காயத்துடன் சக்கர நாற்காலியில் வெளியேறினார். ஆயினும் மறுநாள் மீண்டும் கோதாவில் ஏறி வென்று, 110 ஆண்டுகளுக்குப் பிறகு அறிமுகத் தொடரிலேயே மகூச்சியை வென்றவரானார். இருவர் சம வெற்றிகளுடன் முடித்தால் அன்றே சமநிலை முறிப்பு மோதல் நடக்கும். பேரரசர் கோப்பையுடன், சிறந்த சாதனை, போராட்ட உணர்வு, நுட்பம் ஆகிய மூன்று சிறப்புப் பரிசுகளும் இறுதி நாளில் வழங்கப்படுகின்றன.

நேரில் பார்க்க விரும்பினால்

அனுமதிச்சீட்டுகள் தொடருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு விற்பனைக்கு வரும். முதல் நாளும் இறுதி நாளும் வார இறுதிகளும் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே நடுவார நாட்களுக்கு முயலுங்கள். கொகுகிகானில் ஏறத்தாழ 11,000 பேர் அமரலாம். கீழ்த்தளத்தில் நால்வர் சம்மணமிட்டு அமரும் கட்டப்பெட்டி இருக்கைகளும், மேல்தளத்தில் நாற்காலிகளும் உள்ளன. நீண்ட நேரம் தரையில் அமர்ந்து பழகாதவர்கள் நாற்காலியையே தேர்வது நல்லது. செலவும் குறைவு, கோதாவும் முழுமையாகத் தெரியும். காலையிலேயே சென்றுவிடுங்கள். ஏறத்தாழ காலியாக இருக்கும் அரங்கில், ஊதியம் இல்லாத இளைஞர்கள் கருப்புப் பருத்திக் கச்சையுடன் மோதுவதை மிக அருகிலிருந்து பார்க்கலாம். அவர்களுக்குத் தொடருக்கு ஏழு மோதல்கள் மட்டுமே, எட்டுக்குப் பதிலாக நான்கு வெற்றி. ஜூரியோவுக்கு உயர்ந்தால் ஊதியமும் பட்டுக் கச்சையும் கிடைக்கும் என்பதால், மகுஷிதாவின் மேல்முனையில் நடக்கும் மோதல்கள் பல நாட்களில் மகூச்சியைவிடத் தீவிரமாக இருக்கும்.

தொடர் முடிந்த பிறகு

புதிய ஓசெகியோ யோகோசுனாவோ உருவானால், இறுதி நாளுக்குப் பின்வரும் புதன்கிழமை சங்கத்தின் தூதர்கள் அவருடைய பயிற்சிக்கூடத்திற்குச் சென்று முறைப்படி அறிவிப்பார்கள். அந்தக் காட்சி செய்திகளில் வரும். ஜூரியோவுக்கு உயர்பவர்களின் பெயர்களும் அதே நாளில் வெளியாகும். மற்றவர்களின் புதிய நிலை அடுத்த பன்சுகே வெளியாகும் திங்கட்கிழமைவரை வெளியிடப்படாது. அந்த இடைவெளியில், உங்கள் நோட்டிலுள்ள வட்டங்களை வைத்து நீங்களே ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். யார் எத்தனை படி ஏறுவார், யார் ஜூரியோவுக்கு இறங்குவார் என்று 42 இடங்களையும் நிரப்புங்கள். பட்டியல் வெளியானதும் இரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் மல்லரின் பெயர் எந்த வரிக்கு நகர்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.